கூடு வராத ஐப்பசி

அரசினர் பண்ணையிலிருந்து முட்டைப் பெட்டி வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பராசக்தி எட்டு மாதமாகக் காத்திருந்த பெட்டி அது. மாசியில் யாழ்ப்பாணத்தில் நடந்த விவசாயக் கண்காட்சியில் வெள்ளைவெளேரென்று நின்ற சீமைக் கோழிகளைப் பார்த்துவிட்டு, அங்கேயே பெயர் பதிந்துவிட்டு வந்தவள் அவள். லெக்கோன் என்று அவற்றுக்குப் பெயர் சொன்னார்கள். ஊர்க்கோழி வருடத்துக்கு ஐம்பது அறுபது முட்டை இட்டால் பெரிய காரியம். இது நூற்றைம்பதுக்குக் குறையாது என்று அங்கு நின்ற உத்தியோகத்தர் சொன்னார். அன்று அரியாலைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்தக் கோழிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஓம், வளத்துப் பாருமன்" என்றார் கணவர் தில்லைநாதன். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர் வேலை அவருக்கு. யார் எதைக் கேட்டாலும் முதலில் ஓம் என்று சொல்லிவிடுகிற மனிதர். கலியாணமாகி வந்த புதிதில் அந்தக் குணம் பராசக்திக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை. தில்லைநாதனின் தமையன் நாகலிங்கம் சிவதீட்சை பெற்றவர். நான்கு வளவு தள்ளி இருந்தாலும் அவருடைய ஆசாரம் இந்த வீட்டு அடுப்படி வரைக்கும் எட்டும். பராசக்தியும் முட்டையை வாயில் வைத்தவள் அல்ல. பின்வளவில் குடியிருந்த சின்னாச்சிக்கு இதுதான் விளங்கவில்லை.

"முட்டை தின்னாத நீ என்னத்துக்குப் பிள்ளை கோழி வளக்கிறாய்?" என்று கேட்டாள்.

"என்ரை ஐயா இணுவிலிலை முப்பது வருசம் புகையிலை நட்டவர். ஒரு நாளும் சுருட்டுப் பத்தேல்லை."

சின்னாச்சி அடைக்கு இருந்த தன் மூன்று ஊர்க்கோழிகளையும் இரவலாகத் தந்தாள்.

கோழிகள் தயார். முட்டையும் வந்துவிட்டது. வராதது கூடு மட்டும்தான்.

பாசையூரில் நீக்கிலாப்பிள்ளை என்று ஒரு தச்சர் இருந்தார். ஐம்பது வயது, பேச்சுக் குறைவு, வேலை சுத்தம். புரட்டாசியில் வந்து அளவெடுத்தார். ஆறடி நீளம், நாலடி அகலம், நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் நாலு கால். முன்பக்கம் கம்பிவலை, மற்ற மூன்று பக்கமும் பலகை, மேலே தென்னோலைக் கிடுகுக் கூரை. எல்லாம் பண்ணையிலிருந்து வந்த துண்டுப்பிரசுரத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தபடிதான். கீழே ஈரம் ஏறக்கூடாது, குஞ்சு நனையக்கூடாது என்று அதில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. நீக்கிலாப்பிள்ளை படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மரத்தையும் கம்பிவலைச் சுருளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "முட்டை வாறதுக்கு முந்திக் கூடு வந்திடும் அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஐப்பசி மழை மாதம். தையில் அடை வைத்தால் நல்லது என்று சின்னாச்சி சொன்னாள். பராசக்திக்கும் அது தெரியும். ஆனால் பண்ணையில் அவளுடைய முறை இப்போதுதான் வந்திருந்தது. விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ.

ரயிலில் குலுங்கி வந்த முட்டைகளை ஒரு நாள் ஆறவிட்டு, வெடித்தவற்றைக் கழித்து, நல்லதாக முப்பதைத் தேர்ந்தெடுத்தாள். பழைய விறகுக் கொட்டிலில் மூன்று ஓலைக் கடகத்தில் மணலும் வைக்கோலும் பரப்பி, பேன் வராமல் அடியில் புகையிலைக் காம்பு போட்டு, கோழிக்குப் பத்தாக வைத்தாள். இருபத்தொரு நாள். அதற்குள் கூடு வந்தாக வேண்டும்.

"இஞ்சேருங்கோ, கச்சேரிக்குப் போற வழியிலை பாசையூர்ப் பக்கம் ஒருக்கால் போய், நீக்கிலாப்பிள்ளையிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள் கணவரிடம்.

"ஓம், கேட்டுக்கொண்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

பின்னேரம் வந்து, மரம் இன்னும் காயவில்லையாம் என்றார்.

"காஞ்ச மரந்தானே குடுத்தனாங்கள்?"

"எப்பன் ஈரம் நிக்குதாம். இப்ப அடிச்சால் வெடிச்சுப்போமாம்."

நாலு நாள் கழித்து மறுபடியும் அனுப்பினாள். தச்சரின் மனைவிக்குக் காய்ச்சலாம். ஏழாம் நாள் கொட்டிலின் கிடுகில் ஒரு சிறு துவாரம் போட்டு, அதன் வழியாக விழுந்த வெயிலில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். நாலு வெறுமையாகத் தெரிந்தன. மற்ற இருபத்தாறிலும் சிவப்பு நரம்பு சிலந்தி வலை போல ஓடியிருந்தது. அதைப் பார்த்த சந்தோசம் அன்று பின்னேரமே போய்விட்டது. கூட்டுக் கதவை மாட்ட இரும்புப் பிணைச்சல் கிடைக்கவில்லையாம் என்ற செய்தியோடு தில்லைநாதன் வந்தார்.

"பெரிய கடையிலை பிணைச்சல் இல்லையோ?"

"அவன் சொன்னதைத்தானே நான் சொல்லலாம்."

"மனுசிக்குக் காய்ச்சல் சுகமோ?"

தில்லைநாதன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "ஓம், சுகம்போலை" என்றார்.

பராசக்தி நீக்கிலாப்பிள்ளையைத் திட்டத் தொடங்கினாள். சின்னாச்சியிடம் திட்டினாள். தயிர்க்காரியிடம் திட்டினாள். தண்ணீர் அள்ளும்போது, வேலிக்கு அப்பால் நின்ற அயலவர்களிடம் திட்டினாள். மரத்தையும் வலையையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஏழைத் தச்சன் கூட வாக்கைக் காப்பாற்றுகிறானில்லை என்றாள். பன்னிரண்டாம் நாள் போனது, பதினைந்தாம் நாள் போனது. மேற்கே இடி கேட்கத் தொடங்கியது. முட்டைக்குள் இருப்பவை தச்சருக்காகக் காத்திருக்கப்போவதில்லை.

இருபத்தோராம் நாள் காலையில் முதல் ஓடு உடைந்தது. மாலைக்குள் இருபத்துநாலு குஞ்சு. இரண்டு மட்டும் ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டன. ஊர்க்கோழிக் குஞ்சுகள் போலக் கறுப்பும் பழுப்புமாக இல்லாமல் எல்லாம் ஒரே மஞ்சள். பள்ளிக்கூடத்தால் வந்த அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் கொட்டில் வாசலில் குந்தியிருந்து, விளக்கு வைக்கிற நேரம் வரை எழும்பவில்லை. தில்லைநாதனும் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

"எல்லாம் பொரிச்சிட்டுதோ?" என்றார்.

"பொரிக்காமல்? இனி இதுகளை எங்கை விடுறது? மண் நிலம். மழை வந்தால் இந்தக் கொட்டிலுக்குள்ளை தண்ணி வரும்."

"நாளைக்குப் போய்க் கேக்கிறன்."

மறுநாள் வந்து, தச்சர் வீட்டில் இல்லை என்றார்.

பராசக்தி மூன்று தாய்க்கோழிகளையும் குஞ்சுகளையும் கொட்டிலுக்குள்ளேயே மூன்று கரப்பின் கீழ் கவிழ்த்து வைத்தாள். மூங்கிலில் பின்னிய பெரிய கூடைகள் அவை. காகத்திடமிருந்தும் கீரியிடமிருந்தும் காப்பாற்றும், தண்ணீரிடமிருந்து காப்பாற்றாது. பானையில் சாணமும் வைக்கோலும் அடைத்து வேலியோரம் கவிழ்த்து, பிடித்த கறையானைக் கொண்டுவந்து கொட்டினாள். குறுணல் அரிசியைத் தூவினாள். குஞ்சுகள் கொத்திக் கொத்தித் தின்றன. அவற்றின் மேல் ஒரு துளி நனையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை வானம் கருத்துக் கிடந்தது. தில்லைநாதன் சைக்கிளில் புறப்பட்டுப் போன பிறகு பராசக்தி சேலையை மாற்றிக்கொண்டு சின்னாச்சியைக் கூப்பிட்டாள்.

"எப்பன் குஞ்சுகளைப் பாத்துக்கொள்ளணை. நான் பாசையூருக்குப் போட்டு வாறன்."

"நீ தனியவோ? தச்சன் வீட்டுக்கோ?"

"ஓம். இனி ஆளை விட்டுக் கேட்டுச் சரிவராது."

கொழும்புத்துறை வீதியால் நடந்தாள். வழியெல்லாம் தச்சரிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். மரத்தைத் திருப்பித் தாரும், வலையைத் திருப்பித் தாரும், நாங்கள் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும். கோயில் மணி அடித்தபோது அவள் நீக்கிலாப்பிள்ளையின் படலையைத் திறந்து உள்ளே போனாள்.

தச்சரின் மனைவி முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நல்ல தென்பாக இருந்தாள். நீக்கிலாப்பிள்ளை இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழும்பினார்.

"வாருங்கோ அம்மா. ஆளை அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பனே."

பராசக்தி அவரைத் தாண்டிப் பார்த்தாள். பட்டறையின் மூலையில் கூடு நின்றது.

முழுதாக முடிந்த கூடு. நாலு காலுக்கும் தார் பூசியிருந்தது. கம்பிவலை ஒரு சுருக்கமில்லாமல் இழுத்து அடிக்கப்பட்டிருந்தது. கதவுக்குப் புதுப் பிணைச்சல். உள்ளே எருவை இழுத்து எடுக்க ஒரு தட்டு. அது படத்தில் கூட இல்லை; தச்சரே யோசித்துச் செய்தது. கூரைமேல் யாரோ ஒரு சாரத்தைக் காயப் போட்டிருந்தார்கள்.

"இது எப்ப முடிஞ்சது?" என்று கேட்டாள்.

"ஒக்டோபர் பத்தொன்பதாந் திகதி. சொன்ன தவணைக்கு முடிச்சிட்டன் அம்மா. அடுத்த நாள் வண்டியிலை ஏத்த வெளிக்கிடேக்கைதான் ஐயா வந்தவர்."

"எந்த ஐயா?"

"உங்கடை வீட்டு ஐயாதான், தில்லைநாதன் ஐயா. முட்டை சரிவரேல்லை, எல்லாம் கூழாப் போச்சுது, கூடு இப்ப தேவைப்படாது, தை மாசி போகட்டும் எண்டு சொன்னவர். பேந்தும் ரண்டு மூண்டு தரம் வந்து, கொண்டு வந்திடாதை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்." அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனம்மா, முட்டை பொரிச்சதோ?"

"இருவத்திநாலு குஞ்சு" என்றாள் பராசக்தி.

தச்சரின் மனைவி இருக்க ஒரு மரவாங்கை இழுத்துப் போட்டாள். பராசக்தி அதில் உட்காரவில்லை. காயாத மரம், காய்ச்சல், பிணைச்சல் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஒவ்வொன்றையும் கணவர் சைக்கிளில் வரும்போது யோசித்து யோசித்துக் கட்டியிருக்கிறார். இந்தத் தச்சரையோ அவள் அயல் முழுக்கத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

"நீக்கிலாப்பிள்ளை, நான் உம்மைப் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றாள். "இப்பவே இதைக் கொண்டு வரவேணும்."

"ஐயா கேட்டால்?"

"நான் வந்து கேட்டனான் எண்டு சொல்லும்."

மழை அப்போதுதான் தொடங்கியது. வண்டி பிடிக்க நேரம் எடுத்தது. தச்சரும் அவருடைய மச்சான் சிமியோனும் கூட்டை வண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். பராசக்தி குடையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள். நாகலிங்கத்தின் வீட்டைக் கடக்கும்போது யாரோ படலையால் எட்டிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. மழை இப்போது கொட்டிக்கொண்டிருந்தது. நடக்க நடக்க அவளுடைய கோபத்துக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. அரியாலையில் அந்தப் பக்கத்து நிலம் தாழ்வு. அரைமணி நேரம் அடித்துப் பெய்தால் முற்றத்தில் கணுக்கால் அளவு நிற்கும்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் குடையைப் போட்டுவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள்.

சின்னாச்சி அங்கே இருந்தாள். தன் குடிசை ஒழுகுகிறதென்று போய்ச் சட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள்; அதற்குள் தண்ணீர் சுவருக்கடியால் புகுந்துவிட்டது. இரண்டு கரப்பை எப்படியோ தூக்கி, கோழியையும் குஞ்சுகளையும் விறகுக் குவியல் மேல் ஏற்றியிருந்தாள். மூன்றாவது கரப்பு பள்ளத்தில் இருந்தது. தண்ணீர் ஏறியதும் தாய்க்கோழி எழுந்து நின்றிருக்கிறது. எழுந்து நிற்கிற கோழியின் கீழ் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. ஏழு குஞ்சு நனைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூலையில் அப்பிச் செத்துக் கிடந்தன. மஞ்சள் நிறம் போய்ச் சேறாக இருந்தன.

"ஒரு நொடிதான் பிள்ளை போனனான்" என்றாள் சின்னாச்சி.

"உன்னிலை பிழையில்லையணை" என்றாள் பராசக்தி.

உயிரோடு இருந்து நனைந்தவற்றைச் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தாள். சாம்பலைக் கிளறி, பழந்துணியைச் சூடாக்கி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். செத்தவற்றையும் ஒரு தரம் துடைத்துப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை.

வெளியே நீக்கிலாப்பிள்ளை கூப்பிட்டார். கூடு படலைக்குள்ளால் போகவில்லை. படலை மூன்றடி, கூடு நாலடி. சரித்துப் பார்த்தார்கள், கூரை முட்டியது. கூரையைக் கழற்றலாம், ஆனால் இன்றைக்குள் திரும்பப் போட முடியாது என்றார் தச்சர். கழற்றினால் மழையில் உள்பலகை எல்லாம் ஊறிவிடும்.

பராசக்தி மழைக்குள் நின்று படலையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தாள். வீதிப் பக்கத்து வேலியில், படலைக்கு அருகே, கட்டுகளை அறுத்தாள். கிடுகை இழுத்துப் போட்டாள். நடுவில் வேலிமரமாக நின்ற இரண்டு கதிகாலைத் தச்சரும் சிமியோனும் பிடுங்கினார்கள். அந்த வழியால் கூடு உள்ளே வந்தது.

தில்லைநாதன் ஐந்தரை மணிக்கு வந்தார். வேலியில் திறந்து கிடந்த இடத்தால் முற்றத்துக் கூடு வீதியிலிருந்தே தெரிந்தது. சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, நனைந்த கோட்டைக் கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார். பராசக்தி நிமிரவில்லை. அவள் முன்னால் ஒரு சுளகில் ஏழு குஞ்சு வரிசையாகக் கிடந்தன.

"நான் சொல்லத்தான் இருந்தனான்" என்றார் கடைசியாக.

"எப்ப?"

"அண்ணையின்ரை மகளுக்கு இணுவில் பகுதியிலை பேசி வந்திருக்கு. நல்ல இடம். சரியான ஆசாரமான ஆக்கள். தையிலை பொம்பிளை பாக்க வருவினம். எங்கடை வீட்டையும் வருவினம். முற்றத்திலை கோழிக்கூடு நிண்டால்..."

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீர் சண்டை பிடிப்பீர்."

"ஓம், பிடிச்சிருப்பன். பிடிச்சால் என்ன? நீங்களும் பிடிச்சிருக்கலாம். வேண்டாம் எண்டு ஒரு சொல்லு. முட்டையை அடை வைக்க முந்திச் சொல்லியிருந்தால் நான் அழுதுபோட்டு இருந்திருப்பன்."

"கலியாணம் முடியுமட்டுந்தானே எண்டு நினைச்சன்."

"அதுவரைக்கும் குஞ்சு முட்டைக்குள்ளை இருக்குமோ?"

அவர் சுளகைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். "குளிர் பிடிச்சிடும், நீர் போய்ச் சேலையை மாத்தும்" என்றார். அதைக் கேட்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நாகலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் போகிற வழி. விபூதி பளிச்சென்று இருந்தது. வேலியைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். தில்லைநாதன் சாப்பிட்ட கையைக் கழுவாமலே வெளியே வந்தார். பராசக்தி கதவோரம் நின்றாள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டு முடித்துவிடலாம் என்று அவளுக்குப் பட்டது.

"அத்தான், கோழி வளக்கிறது பிழையெண்டால் எனக்கு நேரை சொல்லியிருக்கலாம்" என்றாள் நாகலிங்கத்திடம். "கூட்டை மறிச்சபடியாலை ஏழு குஞ்சு செத்துப்போச்சுது."

நாகலிங்கம் புருவத்தை உயர்த்தினார். "நான் எப்ப மறிச்சனான்?"

"நீங்கள் சொல்லித்தானே..."

"நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. எனக்கு உது விருப்பமில்லை, அது வேறை கதை. ஆனால் உங்கடை வளவு, உங்கடை பாடு. தம்பிதான் ஒரு நாள் வந்து, கூட்டைப் பற்றி யோசியாதையுங்கோ அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டவன். எனக்குக் கூட்டுக் கதையே அப்பதான் தெரியும்." தம்பியின் பக்கம் திரும்பி, "முதலிலை உந்த வேலியை அடை. மாடு புகப்போகுது" என்றுவிட்டுப் போனார்.

பராசக்தி கணவரைப் பார்த்தாள். அவர் கையில் சோற்றுப் பருக்கை காய்ந்துபோயிருந்தது. யாரும் கேட்கவில்லை. யாரும் மறிக்கவில்லை. அண்ணை நினைப்பார், சம்பந்திகள் நினைப்பார்கள் என்று இவரே நினைத்து, இவரே பயந்து, இவரே பொய் சொல்லியிருக்கிறார். தமையன் ஒரு கொடுமைக்காரராக இருந்திருந்தால் கோபத்தை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். இப்போது அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளையிலை இருந்து கூட்டுத் தட்டை நீங்கள்தான் இழுத்துக் கழுவவேணும், கச்சேரிக்குப் போக முந்தி" என்றாள்.

"ஓம்" என்றார் தில்லைநாதன்.

கழுவினார். ஒரு நாள் தவறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கைச் சுளிக்காமல், சாம்பல் தூவித் திரும்ப வைத்துவிட்டுப் போனார். பராசக்தி அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாளாவது மாட்டேன் என்று சொல்கிறாரா என்று பார்த்தாள். சொல்லவில்லை. அது அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

பதினேழு குஞ்சு மிஞ்சியிருந்தன. கூட்டுக்குள் ஈரம் ஏறவில்லை. தச்சர் சொன்ன வேலையைச் செய்திருந்தார். ஆனாலும் கார்த்திகைக் கடைசியில் குஞ்சுகள் இரத்தமாகக் கழியத் தொடங்கின. செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்று தூங்கின. பராசக்தி நோயானவற்றைப் பிரித்து வைத்தாள், மோர் பருக்கினாள், தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் கொதிநீரால் கழுவினாள். பண்ணைக்குக் கடிதம் எழுதினாள். பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. குஞ்சுகளை நல்ல வெயில்படும் உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று தட்டச்சில் அடித்திருந்தது. அன்று வெளியே மார்கழி மழை மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. நாலு குஞ்சைப் புதைத்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

மழை ஓய்ந்து வெளியே மேயவிட்ட முதல் நாளே ஒன்றைப் பருந்து தூக்கியது. இன்னொன்றைக் கீரி பிடித்தது. பதினொன்று மிஞ்சின. அவை நன்றாக வளர்ந்தன. மஞ்சள் தூவி உதிர்ந்து வெள்ளை முளைத்தது. கால்கள் நீண்டன. கண்காட்சியில் பார்த்த அதே நிமிர்ந்த கழுத்து. பராசக்திக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஒரு நாள் சின்னாச்சி வந்து கூட்டுக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக விரலால் சுட்டிக்கொண்டு போனாள். பராசக்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னணை?"

"தலையிலை பூவைப் பார் பிள்ளை, எவ்வளவு பெரிசு. இது சேவல். இதுவுஞ் சேவல். அங்காலை நிக்கிறதும்."

பதினொன்றில் எட்டு சேவல். மூன்றுதான் பேடு.

பராசக்தி கூட்டில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது.

தையில் இணுவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நாகலிங்கத்தின் வீட்டில் பெண்ணைப் பார்த்துவிட்டு, இங்கேயும் வந்து கோப்பி குடித்தார்கள். அந்தக் கிழமைதான் சேவல்கள் கூவப் பழகியிருந்தன. தொண்டை திறக்காத குரலில் ஒன்று கூவ, மற்றது விட்ட இடத்திலிருந்து பிடிக்கும். ஒவ்வொரு கூவலுக்கும் தில்லைநாதன் கதிரையில் நெளிந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கதைத்தார், பஸ் நேரத்தைப் பற்றிக் கதைத்தார், கோப்பியை முடித்து எழும்பினார். சேவலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பந்தம் ஒப்பாகியது. அவர்கள் போன பிறகு பராசக்தி கோப்பைகளை எடுக்கும்போது கணவரை ஒரு தரம் பார்த்தாள். அவர் சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழு சேவலைச் சின்னாச்சி சந்தைக்குக் கொண்டு போனாள். ஒன்றைப் பேடுகளோடு விட்டார்கள். மாசியில் பராசக்தி மறுபடியும் பண்ணைக்கு எழுதினாள். இந்த முறை ஐம்பது முட்டை கேட்டிருந்தாள்; வைகாசிக்குத் தரலாம் என்று பதில் வந்தது. இரண்டாவது கூட்டுக்கு இடம் பார்க்கத் தொடங்கினாள். கிணற்றடிப் பக்கம் வசதி, தண்ணீர் கிட்ட, மேடான நிலம். ஒரு காலை நாலு மூலைக்கும் தடி ஊன்றிக் கயிறு கட்டினாள்.

தில்லைநாதன் குளிக்க வந்தவர், வாளியோடு நின்றார்.

"இஞ்சரும், இதிலை வேண்டாம்" என்றார். 

பராசக்தி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அத்தானுக்குப் பிடிக்காதெண்டோ?"

"அண்ணையோடை நான் கதைக்கேல்லை. எனக்குத்தான் பிடிக்கேல்லை. குளிக்கிற இடத்திலை கோழி மணம் வரும்."

"மேடான இடம் வேறை எங்கை கிடக்கு?"

"கிழக்குப் பக்கம் முருங்கையடியிலை கிடக்கே."

"அங்கை வெயில்."

"வெயில் நல்லதெண்டுதானே அவங்கள் எழுதியிருந்தவங்கள்?"

"அது மாரிக்கு. வைகாசி வெயிலுக்குக் குஞ்சு வதங்கிப்போம்."

"எண்டாலும் கிணத்தடியிலை வேண்டாம்."

இடியப்பம் ஆறும் வரைக்கும் அது நீண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தினாள். அவரும் ஒரு தரம் உயர்த்தினார், உயர்த்திவிட்டு இருமினார். அன்று அவர் கச்சேரிக்குப் பிந்தினார். கடைசியில் பராசக்தி போய்த் தடிகளைப் பிடுங்கி முருங்கையடியில் ஊன்றினாள். அவளுக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை. மேற்குப் பக்கம் ஒரு தட்டி கட்டாமல் முடியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"தட்டிக்குக் கிடுகு நான் பின்னித் தாறன்" என்றார் தில்லைநாதன், சைக்கிளை உருட்டிக்கொண்டு.

"உங்களுக்குக் கிடுகு பின்னத் தெரியாது."

"தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் படலையைத் திறந்தார்.